சாய்மானம் இல்லாத பெஞ்ச்

"ணங்!"

ஆற்றுக்குள் இறங்கியிருந்த பொக்லைனின் பக்கெட் எதன் மீதோ மோதியது. கரையில் வரைபடத்தை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருந்த எழில்மதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆபரேட்டர் இன்ஜினை நிறுத்தினார். நாற்பது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடம் சட்டென்று அமைதியானது.

அப்போதுதான் அந்த அம்மாளை அவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம், குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசி வீட்டிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் இட்லி மாவு. காலில் செருப்பு இல்லை. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டைத் தாண்டி, கரை விளிம்பில் வந்து நின்றாள்.

"என்னாப்பா அது? என்னா மாட்டிச்சு?"

"ஒண்ணுமில்லக்கா, பழைய டிரம்மு. தோ, தூக்கறான் பாரு" என்றார் சூப்பர்வைசர் சிங்காரவேலு.

பக்கெட் மேலே வந்தது. சேறு வழிய, துருப்பிடித்த தார் டிரம் ஒன்று அதில் தொங்கியது. அந்த அம்மாள் சேறு முழுக்க வடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டிரம்முதானே? சரி, சரி. நீங்க வேலையப் பாருங்க. கிரைண்டர் ஓடிகினே இருக்குது, நான் வரேன்."

வந்த வேகம் போகும்போது இல்லை. தார் சுடுவது அப்போதுதான் தெரிந்ததுபோல் ஓரத்து மண்ணில் கால் மாற்றி மாற்றி வைத்துப் போனாள்.

"யாருங்க அவங்க?" என்று கேட்டாள் எழில்மதி.

"அமிர்தம் அக்கா. அவங்க வீட்டுக்காரர் ராஜாங்கம் மைன்ஸ்ல பெல்ட் செக்‌ஷன். பயப்படாதீங்க மேடம், பக்கெட் எதுல இடிச்சாலும் ஓடியாரும்."

"எதுக்கு?"

சிங்காரவேலு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆறு வருசம் முன்ன அதோட புள்ள செல்வகுமார் காணாமப் போயிட்டான். ஒரே புள்ள. இருவத்திமூணு வயசு. சைக்கிள் மட்டும் இந்தக் கரையில, அதோ அந்தப் புங்க மரத்தாண்ட நின்னுகினு இருந்துச்சு. மூணு நாளு தேடினாங்க. ஒண்ணும் கெடைக்கல."

"தண்ணியில..."

"நாங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்றோம். அது மட்டும் சொல்லாது. எங்கியோ இருக்கான், வருவான்னுதான் சொல்லும். ஆனா டங்குனு ஒரு சத்தம் கேட்டா ஓடியாந்துடும்."

ஆறு என்றுதான் அந்தச் சுரங்க நகரியத்தில் எல்லோரும் அதைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் மழைக்கு மட்டும் ஓடிய ஓடை. சுரங்கத்தில் இரவு பகலாக இறைக்கும் தண்ணீரை அதில் விட்ட பிறகு கோடையிலும் வற்றுவதில்லை. அதன் கரையில் ஒண்ணேகால் கிலோமீட்டர் நீளத்துக்கு மக்கள் நடக்கவும் உட்காரவும் நிம்மதியாக மூச்சு விடவும் ஓர் இடம் அமைக்க வேண்டும். வரைபடம் போட்டு வேலையை நடத்தும் பொறுப்பு எழில்மதிக்குக் கிடைத்திருந்தது. இருபத்தொன்பது வயதில் அவள் பெயரில் வந்த முதல் வேலை. தூர் வாருவதற்காகத் தண்ணீரை நாற்பது நாளைக்கு வேறு வாய்க்காலுக்குத் திருப்பியிருந்தார்கள்.

எழில்மதி மந்தாரக்குப்பத்துக்காரி. அப்பா அய்யனார் கான்ட்ராக்ட் தொழிலாளி. வாடகை வீட்டில் வளர்ந்தவள். அதனால் வரைபடம் போடும் முன் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்துடன் அலைந்து, 'இங்கே உங்களுக்கு என்ன வேணும்?' என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள்.

"பகல்ல தூக்கமே வர்றதில்லம்மா" என்றார் நைட் ஷிப்ட் முடித்துவந்த ஒருவர். "வூட்டுல டிவி, குக்கர், பசங்க சண்டை. மரத்தடியில ஒரு மேடை போட்டுக் குடு. துண்ட விரிச்சுப் படுத்துடறேன்."

"நடக்கிற பாதைய வளைச்சு வளைச்சு போடும்மா" என்றாள் காலை நடைக்கு வரும் ஒரு பெண்மணி. "நேரா இருந்தா முன்னாடி போறவ முதுகையே பாத்துகினு போவணும். எனக்கு முன்னாடி எப்பவும் என் நாத்தனார்தான் போறா."

மேடை வந்தது. பாதை வளைந்தது. சக்கர நாற்காலி இறங்கச் சரிவு வந்தது. தண்ணீரில் கால் நனைக்க ஆறு படி. இருபத்துநான்கு பெஞ்ச். பெஞ்ச் விஷயத்தில் மட்டும் எழில்மதி யாரையும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மரம், கண்ணுக்கு முன்னால் தண்ணீர். மனசு அமைதியாக அதைவிட வேறு வழி இல்லை என்பது அவள் முடிவு. இருபத்துநான்கும் ஆற்றைப் பார்த்தபடி இருந்தன.

டிரம் கிடைத்த மறுநாள் மத்தியானம், தகரக் கொட்டகை அலுவலகத்துக்கு அமிர்தம் ஒரு டிபன் டப்பாவுடன் வந்தாள்.

"கேவுரு அடை. சாப்புடு கண்ணு. நீ ரொட்டிய டீயில நனைச்சு தின்னுகினு இருக்கிறத ஜன்னல்லேருந்து பாத்தேன்."

"ஐயோ, எதுக்கும்மா?"

"சும்மா இல்ல. ஒரு காரியமாத்தான் கொண்டாந்தேன்." அமிர்தம் சிரித்தாள். மேஜைமேல் கிடந்த வரைபடத்தைக் காட்டினாள். "இதுல பெஞ்சு எது?"

எழில்மதி காட்டினாள்.

"எல்லாம் எந்தப் பக்கம் பாத்துகினு இருக்குது?"

"ஆத்தப் பாத்து."

"ஒண்ண ரோட்டப் பாத்துப் போடு. அந்தப் புங்க மரத்தடியில."

"அம்மா, ரோட்டுல என்ன இருக்கு? பஸ்ஸும் புகையும். உக்காந்தா நிம்மதியா இருக்க வேணாமா?"

"எனக்கு ரோட்டப் பாத்தாதான் நிம்மதி." சொல்லிவிட்டு டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பி மூடினாள். "வைகாசியோட அவருக்கு ரிட்டைர்டு. அப்புறம் குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். நெல்லிக்குப்பத்துல ஒரு வூடு கட்டியிருக்கோம். செல்வம் போனதுக்கு அப்புறம் வாங்குன மனை. அது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது இந்த வூடு ஒண்ணுதான்."

"புதுசா குடி வர்றவங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாமேம்மா?"

"அவங்க எத்தினி நாளு இருப்பாங்க? டிரான்ஸ்பர் ஆவும், பிரமோஷன் ஆவும், பெரிய வூட்டுக்குப் போவாங்க. செவுத்துல எழுதலாம்னா, காலி பண்ண மறுநாளே வெள்ளை அடிச்சிடறாங்க. இந்த ஊர்ல யாரு கண்ணு நெலையா நிக்கிறா? கல்லுதான் நிக்கும்."

"போன்..."

"நம்பர நான் மாத்தவே இல்ல. ஆனா அவன் போன சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டான். யாரு நம்பரும் அவனுக்கு மனப்பாடம் கெடையாது. சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் வெக்கப்பட்டுகினு போவமாட்டான். நேரா இங்கதான் வருவான்."

விருப்பப்பட்டவர்கள் தங்கள் பெயரில் ஒரு பெஞ்ச் தரலாம், அதில் கறுப்புக் கல்லில் பெயர் பொறித்துப் பதிக்கலாம் என்று ஏற்பாடு இருந்தது. அமிர்தம் அதைக் கேள்விப்பட்டிருந்தாள். அவள் பொறிக்க விரும்பியது பெயர் மட்டும் அல்ல. ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

'செல்வகுமாருக்கு. அப்பாவும் அம்மாவும் நெல்லிக்குப்பம், புதுமனை, மூன்றாவது குறுக்குத் தெரு, ஒன்பதாம் நம்பர் வீட்டில் இருக்கிறோம். வந்துவிடு.'

"இப்பிடி எழுதலாமில்ல? யாராவது தடுப்பாங்களா?"

"தடுக்க மாட்டாங்க" என்றாள் எழில்மதி. தடுத்தால் என்ன செய்வதென்று அவள் யோசிக்கவில்லை.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தது. பின் வராந்தாவில் ஒரு சைக்கிள் நின்றது. பழைய சைக்கிள்தான், ஆனால் ஒரு துளி தூசி இல்லை. பின் சக்கரத்தில் பூட்டு.

"சாவி அவன்கிட்டதான் இருக்குது. போலீஸ்காரங்க ஒடைக்கலாம்னாங்க. நான் விடல. தூக்கியாந்து வெச்சோம்." அமிர்தம் பக்கத்திலிருந்த சின்ன எண்ணெய்க் குப்பியைக் காட்டினாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ரெண்டு சொட்டு விடுவேன். அவன் வந்து சாவியப் போடறப்ப கஷ்டப்படக் கூடாது பாரு."

எழில்மதி தலையாட்டினாள்.

"நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. சாவப் போறவன் எவனாவது சைக்கிளப் பூட்டிட்டுப் போவானா?"

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து, உடம்பெல்லாம் கறுப்புத் தூசியோடு ராஜாங்கம் நேராகக் கொட்டகைக்கு வந்தார். உட்காரச் சொன்னாள். நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றார்.

"என் வூட்டுக்காரம்மா பெஞ்சு கேட்டாளாமே."

"ஆமா சார்."

"போடாதீங்கம்மா." குரல் தாழ்ந்தே இருந்தது. "ஆறு வருசமா ஜன்னலாண்ட உக்காந்து ரோட்டையே பாத்துகினு இருக்கா. காரியம் பண்ணிடலாம்னு சொந்தக்காரங்க சொன்னா, அவங்ககூடப் பேச்சையே வுட்டுட்டா. வூட்டக் காலி பண்ணாலாவது இது நிக்கும்னு நெனச்சேன். நீங்க ரோட்டப் பாத்து ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தா, நெல்லிக்குப்பத்துலேருந்து பஸ் ஏறி வந்து உக்காந்துக்குவா. தண்ணியப் பாத்தாப்பலவே போடுங்க. என்னிக்காவது ஒரு நாளு அவ தண்ணியப் பாக்கணும்."

"உங்களுக்கு இங்க என்ன வேணும் சார்?" எழில்மதி எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"கம்பி" என்றார் உடனே. "கரை நெடுக்க. மூணடி பத்தாது, நாலடி."

அவள் வரைபடத்தில் கம்பியே இல்லை. தண்ணீருக்கும் மனிதர்களுக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது என்று பெருமையாக எழுதியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அவனத் திட்டினேம்மா. அவ கோயிலுக்குப் போயிருந்தா. 'பெர்மனென்ட் ஆவாம இந்த வூட்டுப் படி மிதிக்காத'ன்னு சொன்னேன். 'கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுன்னா நான் என்னாப்பா பண்ணுவேன்'னு கேட்டான். நான் பதில் சொல்லல. சைக்கிள எடுத்துகினு போனான்." ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இது அவளுக்குத் தெரியாது. அவன் விழுந்தானா, எறங்கினானா, எனக்கும் தெரியாது. எதுவா இருந்தாலும் கம்பி இருந்திருக்கணும்."

அவர் போன பிறகு நாற்காலியில் கறுப்புத் தூசி எதுவும் இல்லை. நின்ற இடத்தில் மட்டும் இரண்டு கால் தடம் இருந்தது.

எழில்மதி அன்றே கம்பியை வரைந்தாள். நாலடி.

பெஞ்ச்தான் தீரவில்லை. ரோட்டைப் பார்த்துப் போட்டால் ராஜாங்கத்துக்குச் செய்யும் துரோகம். ஆற்றைப் பார்த்துப் போட்டால் அமிர்தத்திடம் 'உன் பையன் செத்துப்போனான்' என்று சிமென்ட்டில் சொல்வதுபோல. நான்கு நாள் வரைந்து வரைந்து அழித்தாள். ஐந்தாம் நாள் பஸ்ஸில் வரும்போது, டீக்கடை வாசலில் வெறும் பலகையில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்து டீ குடிப்பதைக் கண்டாள்.

கொட்டகைக்கு வந்ததும் இருபத்துநான்காவது பெஞ்சின் சாய்மானத்தை அழித்தாள். உட்காருகிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பக்கம் கால் போட்டால் ரோடு. அந்தப் பக்கம் போட்டால் ஆறு.

"சாய முடியாதே கண்ணு" என்றாள் அமிர்தம், அதைக் கேட்டுவிட்டு.

"நீங்க ரோட்டப் பாத்து உக்காருங்கம்மா. சார் உங்க முதுகுல சாஞ்சுக்குவாரு."

அமிர்தம் வாய்விட்டுச் சிரித்தாள். "அவரா? முப்பது வருசமா நான்தான் அவரு மேல சாஞ்சிகினு இருக்கேன். சரி, அப்பிடியே போடு."

கல் பொறிக்கும் வேலையை மந்தாரக்குப்பம் மருதாசலம் எடுத்திருந்தார். கல்லறை, கோயில் உபயம், பெஞ்ச் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். முதல் கல்லிலேயே ஒரு கூத்து நடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சண்முகசுந்தரம் தன் பெயரில் ஒரு பெஞ்ச் தந்திருந்தார். காலை நடைக்கு வந்தவர் தன் கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். 'தலைமையாசிரியர் சண்முகசுந்தரம் நினைவாக.'

"யோவ்! நான் எப்பய்யா செத்தேன்?"

"மன்னிச்சிடுங்க சார்" என்றார் மருதாசலம். "பெஞ்சுக் கல்லுன்னாலே கை தானா அப்பிடி எழுதிடுது. முப்பது வருசப் பழக்கம். வேணும்னா மாத்தித் தரேன். ஆனா சார், என்னிக்காவது ஒரு நாளு தேவைப்படத்தானே போவுது?"

"உனக்கு முன்னாடி தேவைப்படாதுய்யா எனக்கு!"

அன்று முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தமும் சிரித்தாள்.

தூர் வாரும் வேலை முடிய நான்கு நாள் இருந்தது. சேற்றில் கிடைத்த சில்லறைச் சாமான்களையெல்லாம் சிங்காரவேலு ஒரு காலி பெயின்ட் வாளியில் போட்டுவைத்திருந்தார். உடைந்த மூக்குக்கண்ணாடி, சின்னப் பிள்ளையார், கைக்கடிகாரம், ஒற்றைக் கொலுசு, இரண்டு மொபைல் போன். யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று.

அன்று பக்கெட் எதிலும் இடிக்கவில்லை. ஆனாலும் அமிர்தம் வந்தாள். வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்னக்கா தேடற?" என்றார் சிங்காரவேலு.

"தேடல. ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

அடியில் சாவிகள் கிடந்தன. ஐந்து. இரும்பு இரண்டு, பித்தளை மூன்று. எல்லாம் சேறு பூசி ஒரே நிறமாக இருந்தன. அமிர்தம் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழில்மதியைப் பார்த்தாள்.

"இந்த அஞ்சையும் எடுத்துகினு போயி நாளைக்குத் தரட்டா கண்ணு?"

"அம்மா... வேணாமே. எதுக்கு?"

"சேராதுன்னு தெரிஞ்சிகினா நல்லதுதானே?"

முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அன்று எழில்மதியால் வேலை பார்க்க முடியவில்லை. எதிரே அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் வந்து உட்காரவில்லை. ஆனால் அழுகைச் சத்தமும் கேட்கவில்லை. சாயங்காலம் ராஜாங்கம் ஷிப்ட் முடிந்து வந்தார். விளக்கு எரிந்தது. குக்கர் விசில் அடித்தது. வழக்கம்போலத்தான் எல்லாம்.

காலையில் அமிர்தம் வந்தாள். குளித்து, தலை வாரி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். கைக்குட்டையில் முடிந்த சாவிகளைப் பிரிக்காமலேயே வாளிக்குள் போட்டாள்.

"எதுவும் சேரல கண்ணு."

"நெஜமாவாம்மா?"

"எதுவும் சேரல" என்றாள் மறுபடியும்.

எழில்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் எண்ணெய் மணத்தது.

"கல்லுல எழுத வேண்டியத நீ மருதாசலத்துக்குக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லம்மா. நாளைக்குக் குடுக்கணும்."

"அந்தத் தாளக் குடு. நானே போயி குடுத்துட்டு வரேன். எனக்கும் மந்தாரக்குப்பத்துல கொஞ்சம் வேலை இருக்குது."

தாளை எடுத்துக் கொடுத்தாள்.

கடைசி நாள் தூர் வாரும்போது பக்கெட் மறுபடியும் இடித்தது. "ணங்!" என்று கரை முழுக்கக் கேட்டது. பாறாங்கல். சிங்காரவேலு பழக்கத்தில் ரோட்டுப் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லக்கா!" என்று கத்தினார்.

யாரும் ஓடி வரவில்லை.

"பாத்தீங்களா மேடம், அக்காவுக்குத் தெளிஞ்சிடுச்சு" என்றார் சந்தோஷமாக. எழில்மதிக்கும் அப்படித்தான் தோன்றியது. சாவி சேராததே ஒரு மருந்தாகிவிட்டது என்று நினைத்தாள்.

தண்ணீரைத் திருப்பி விட்டார்கள். வைகாசி போனது. ராஜாங்கத்துக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடுவரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். ஆடியில் வீடு மாற்றக் கூடாது என்று ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டார்கள். ஆவணி பிறந்த மூன்றாம் நாள் திறப்பு விழா. அதற்கு முந்தின நாள் சாமான் லாரி வருவதாக ஏற்பாடு.

அந்த முந்தின நாள் காலையில் எழில்மதி கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். மரத்தடி மேடையில் நைட் ஷிப்ட் ஆள் ஒருவர் திறப்பு விழாவுக்குக் காத்திராமல் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வளைந்த பாதையில் நாத்தனாரும் அந்தப் பெண்மணியும் வளைந்து வளைந்து போனார்கள். நாலடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆறு நிறைந்து ஓடியது. எழில்மதிக்குச் சந்தோஷமாக இருந்தது, புங்க மரத்தடிக்கு வரும்வரை.

இருபத்துநான்காவது பெஞ்சின் ரோட்டுப் பக்க முகப்பில் கல் பதித்திருந்தார்கள். சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

'செல்வகுமார் நினைவாக. பெற்றோர் ராஜாங்கம், அமிர்தம்.'

"சிங்காரவேலண்ணே!" என்று கத்தினாள். "யாரு இதப் பதிச்சது? படிச்சுக்கூடப் பாக்கலியா?"

சிங்காரவேலு ஓடிவந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயய்யோ. மறுபடியும் அந்த ஆளு பழக்கத்துல... நேத்து சாங்காலம் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டான் மேடம். பசங்க வெள்ளென பதிச்சிட்டானுங்க."

"பேத்து எடுங்க. இப்பவே."

"ஈரமாத்தான் இருக்குது, எடுத்துடலாம். கடப்பாறை கொண்டாறேன்."

"முதல்ல ஒரு சாக்க எடுத்து மூடுங்க!"

சாக்கு வருவதற்குள் ராஜாங்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் வீட்டுச் சாவிக்கொத்து, சாமான் லாரியை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் ஒப்படைத்து வரக் கிளம்பியவர்போல. கல்லைப் படித்தார். ஒருமுறை படித்தவர் மறுபடியும் கீழே குனிந்து படித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது கல்லில் இருந்தது.

"சார், தப்பாயிடுச்சு. மருதாசலம் வழக்கம்போல..."

"அவ வந்துகினு இருக்கா" என்றார். "வூட்டப் பெருக்கிட்டு வரேன்னா. பின்னாடியே வரா. அவ இதப் பாத்தா தாங்க மாட்டாம்மா."

ரோட்டுக்கு அப்பால் கடைசி வீட்டின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாக்கு இன்னும் வரவில்லை. ராஜாங்கம் சட்டென்று பெஞ்சின் ரோட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஈர சிமென்ட் என்று பார்க்காமல் முதுகால் அந்தக் கல்லை மறைத்துக்கொண்டார்.

அமிர்தம் ரோட்டைத் தாண்டி வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்து, வண்டிக்கு வழிவிட்டு, காலில் செருப்போடு, நிதானமாக வந்தாள்.

"என்னாங்க இது, கீழ உக்காந்துகினு? வேட்டியெல்லாம் சிமெண்டு."

"ஒண்ணுமில்ல அமிர்தம். தலை சுத்துது. நீ வூட்டுக்குப் போ, தோ வந்துடறேன்."

"அம்மா, பெஞ்ச் இன்னும் காயல" என்றாள் எழில்மதி. "சாயங்காலம் வந்து உக்காருங்க."

அமிர்தம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெஞ்சைச் சுற்றி வந்தாள். ரோட்டுப் பக்கம் ஒரு கணம் நின்றாள். அங்கே உட்காரவில்லை. அந்தப் பக்கம் போய், ஆற்றைப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் அவள் தண்ணீரை நேராகப் பார்த்தது அப்போதுதான். கையை நீட்டிப் புருஷன் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க. மறைக்காதீங்க. கல்லுல தப்பு ஒண்ணும் இல்ல."

"இல்ல அமிர்தம், மருதாசலம் பழக்க தோசத்துல..."

"அஞ்சு சாவி எடுத்துகினு போனேங்க. நாலுதான் திருப்பிக் குடுத்தேன்."